லேபிள் கிழிக்கிற அக்கா

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நான்கு பேர். பார்லர் நடத்திய அக்கா. நாற்காலியில் என் தங்கை ஜோதி. ஜன்னலோரப் பெஞ்சில் நான். எனக்குப் பக்கத்தில், புருவம் எடுக்க வந்து காத்திருந்த ஒடிசாப் பெண் சுனிதா. ஐந்தாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் எங்கள் தெருவில் பலர், 'நானும் அங்கதான் இருந்தேன், அந்தப் புள்ள ஊட்டுலயே தலைக்கு எதையோ தேச்சுட்டுத்தான் வந்துச்சு' என்று பேசிக்கொண்டு திரிந்தார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்த வாசலை மிதித்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. நான்கே பேர்.

நல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் முதல் வீடு அக்காவுடையது. அதன் முன்னறைதான் பார்லர். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கை கழுவும் தொட்டி, சுவரில் பலகை. பலகையில் வரிசையாக வெள்ளை டப்பாக்கள். ஒரு டப்பாவிலும் ஓர் எழுத்து இருக்காது.

புது டப்பா வந்தால் அக்கா முதலில் செய்கிற வேலை, வெந்நீர் வாளியில் அதை முக்கி வைப்பது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரல் நகத்தால் லேபிளின் ஓரத்தை நெம்பி, ஒரே இழுப்பில் உரித்துவிடுவாள். கிழியாமல் முழுசாக வந்தால் ஒரு சிரிப்பு. பிறகு அதைக் கசக்கி அடுப்பில் போட்டுவிடுவாள்.

"ஏங்க்கா, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்க வேண்டாமா?" என்று நான் கேட்பேன்.

"படிச்சு? இதப் பாத்தா நாளைக்கு நாலு பேரு இதே டப்பாவ வாங்கி ஊட்டுலயே போட்டுக்குவாளுக. அப்பறம் நான் ஈ ஓட்டறதா?"

"நமக்கு எது என்னன்னு தெரியணுமில்லா?"

அதற்கு அவள் மூக்கின் நுனியை ஒரு விரலால் தட்டிக் காட்டுவாள். "இது எதுக்கு அம்மிணி இருக்குது?"

அந்த மூக்கைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. பார்லர் வைப்பதற்கு முன்னால் அவள் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கெமிக்கல் ஸ்டோரில் பல வருஷம் வேலை பார்த்தவள். அங்கே டையிங் மாஸ்டர் தன்னுடைய ரெசிபி வெளியே போய்விடக் கூடாது என்று டிரம், கேன் எல்லாவற்றின் மேலும் இருந்த பெயரைக் கிழித்துவிடுவாராம். இரண்டே பேருக்குத்தான் எது எது என்று தெரியும். மாஸ்டருக்கும் அக்காவுக்கும். மாஸ்டர் லீவு போட்டால் அக்கா மூடியைத் திறந்து, கையால் காற்றை விசிறி ஒரு முறை இழுத்துவிட்டு, 'இது அசிடிக், இது பெராக்சைடு, அது சோப் ஆயில்' என்பாளாம். துணி சரியாக அலசவில்லை என்றால் மெஷின் பக்கத்தில் நடந்து போகும்போதே சொல்லிவிடுவாளாம். முதலாளியே வந்து, 'டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி இந்தப் புள்ளையோட மூக்கு சொல்லீருதப்பா' என்று சொன்னாராம். அந்த ஒரு பாராட்டை எங்களுக்கு எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கே இல்லை.

நானும் அந்த மூக்கை நம்பியவள்தான். காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது எனக்கு. ஆனால் பயப்படுவதில் நான் எம்.ஏ. வீட்டை விட்டுக் கிளம்பினால் கேஸை மூடினேனா என்று தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். அப்படிப்பட்ட என் வீட்டிலேயே ஒரு நாள் ரெகுலேட்டரில் கசிவு. எனக்குச் சளி, எதுவும் தெரியவில்லை. தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். முதல் வீட்டிலிருந்து அக்கா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "அம்மிணி, பத்த வெக்காத! பத்த வெக்காதங்கறேன்ல!" வந்த வேகத்தில் தீப்பெட்டியைத் தட்டிவிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் மூன்று வீடுகள். மற்ற யாருக்கும் வராத வாசனை அவளுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் புருவத்துக்கு அவள் காசே வாங்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். கோபத்தில் இதை மறைத்தால் அது பொய்யாகிவிடும்.

என் வேலை என்ன தெரியுமா? லேபிள் தைப்பது. பனியன் கம்பெனியில் ஓரத் தையலுக்குள் வாஷ்கேர் லேபிள் வைத்துத் தைக்கிற டெய்லர் நான். முப்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம், ப்ளீச் போடாதே, நிழலில் காயவை, இத்தனை சதவீதம் பருத்தி. எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தை போடப்போகிற ஜட்டிக்கு இவ்வளவு விவரம். ஒரு தடவை இரண்டு கட்டு லேபிளை மாற்றித் தைத்துவிட்டேன். லைன் சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் என் மேல் பாய்ந்தார். "லேபிள் மாறுனா கன்டெய்னரே திரும்பி வந்துரும், தெரியுமா? கண்ண எங்க வெச்சுட்டுத் தைக்கறே?" அன்று இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து பிரித்துத் தைத்தேன். ஜட்டிக்கு அந்த மரியாதை. எங்கள் தலைக்குப் போடுகிற டப்பாவுக்குப் பெயர் கிடையாது.

அதனால் ஒரு நாள் எங்கள் கம்பெனி ஸ்டோரில் கேட்டு, ரிஜெக்ட் ஆன வெள்ளைச் சாட்டின் லேபிள் ரோல் ஒன்றும் ஒரு மார்க்கர் பேனாவும் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். "ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு துண்டு ஒட்டி எழுதி வைங்கக்கா. உங்களுக்கு மட்டும் புரியற மாதிரிகூட எழுதிக்கிடுங்க."

அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "ஏனம்மிணி, என்ற டப்பாவுக்கு ஜட்டி லேபிளா?" மார்க்கர் எங்கே போனதோ தெரியாது. அந்த ரோலை அவள் வெட்டி வெட்டி, வருகிறவர்களின் முடியைப் பிரித்துக் கட்டுவதற்கு ரிப்பன் ஆக்கினாள். "நெம்ப வழுவழுன்னு இருக்குது, நல்ல சாமான் குடுத்த" என்று பாராட்டு வேறு.

அவளிடம் இன்னொரு சாமானும் இருந்தது. கண்ணாடி ஓர ஆணியில் தொங்கிய சின்னப் புத்தகம், மஞ்சள் தாள்கள் கொண்டது. பி.எச் பேப்பர். சாயப்பட்டறையில் தொட்டித் தண்ணீரில் காரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று நனைத்துப் பார்க்கிற தாள். நம்பர் ஏற ஏறக் காரம் அதிகம். வேலையை விட்டபோது ஞாபகத்துக்கு எடுத்து வந்தாளாம். அதன் அட்டையில் கேஸ் புக்கிங் நம்பரும் தண்ணீர் லாரிக்காரர் நம்பரும் எழுதி வைத்திருந்தாள். உள்ளே ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

ஜோதிக்குச் சுருட்டை முடி. ஊரில் எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். பி.காம் முடித்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஆபீஸில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி. எங்கள் குடும்பத்தில் மெஷின் முன்னால் உட்காராமல் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்தான். 'படிய வாரிட்டுப் போனா நல்லாருக்கும்' என்று தோழி ஒருத்தி சொன்னாளாம். முடியை நீட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம். டவுன் பார்லரில் கேட்ட காசு எங்களால் முடியாது. அக்காவோ, "நம்ம புள்ள, நான் பாத்துக்கறேன், போ" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பலகையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கண்ணை மூடி ஒரு இழுப்பு. "ரோஸ்" என்றாள். "ஸ்ட்ரைட்டனிங்."

முடி நீக்குகிற க்ரீமும் அவளிடம் உண்டு. கை காலுக்குப் போடுவது. அதுவும் அதே வெள்ளை டப்பாதான், அதே ஏஜென்ட் பைக்கில் கொண்டு வந்து போடுவதுதான். அதில் எலுமிச்சை வாசனை வரும். ரோஸ் என்றால் தலைக்கு, எலுமிச்சை என்றால் கைக்கு. அதுதான் அவளுடைய கணக்கு.

"அக்கா, காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பாத்துட்டு அப்புறம் போடணும்பாவளே" என்றேன்.

"அதெல்லாம் நேத்துத் தொழிலுக்கு வந்தவளுக்கு. கொரகொரன்னு இருக்கற காடாத் துணியவே காஸ்டிக்குல போட்டு வேக வெச்சவ நானு. நூலே தாங்குது, முடி தாங்காதா? நீ சித்த பேசாம உக்காரு கண்ணு, உன்ற பயத்துல அந்தப் புள்ளையும் பயந்துக்கப் போவுது."

நான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். கேஸுக்கு மூன்று தடவை திரும்பி வருகிறவள், என் தங்கை தலைக்கு ஒரு தடவைதான் கேட்டேன். பயந்தாங்கொள்ளி என்று சுனிதா முன்னால் பெயர் வாங்க வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

முடியை நாலாகப் பிரித்து என் லேபிள் ரிப்பனால் கட்டினாள். ஒவ்வொன்றாக அவிழ்த்து, வேரிலிருந்து நுனி வரை க்ரீமைத் தடவி, மறுபடி கட்டி, பிளாஸ்டிக் கவரை மாட்டிவிட்டாள். ரோஸ் வாசனைக்கு அடியில் அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் எழுந்தது. எப்போதும் வருவதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஜோதி, "அக்கா, எரியுது" என்றாள்.

"எரிஞ்சாத்தான் புடிக்குதுன்னு அர்த்தம்."

"இல்லக்கா, நெசமாவே எரியுது. காதுகிட்ட."

"இன்னும் அஞ்சே நிமிசம் சாமி. அழகுன்னா சும்மாவா?"

நாற்காலியின் கையைப் பிடித்திருந்த ஜோதியின் விரல்கள் வெளுத்துப் போயிருந்ததை நான் பார்த்தேன். எழுந்து போய் அந்தக் கவரை இழுத்தேன். கவரோடு முடியும் வந்தது. வெந்த சேமியா மாதிரி, குழகுழவென்று, நான் கொடுத்த வெள்ளை ரிப்பன் கட்டியபடியே ஒரு கொத்து என் கையில் வந்துவிட்டது.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து வினிகர் பாட்டிலை எடுத்து வந்தாள். "காரத்துக்கு ஆசிட்டு! ஆசிட்டு ஊத்துனா அடங்கீரும்!" பட்டறையில் காஸ்டிக் என்கிற காரம் போட்ட துணிக்கு அடுத்து, அதை அடக்க அசிடிக் அமிலம் ஊற்றுவார்கள். அவளுக்கு அந்த நேரத்திலும் என் தங்கை தலை துணியாகத்தான் தெரிந்தது.

எங்கள் கம்பெனியில் கறை எடுக்கிற ரூமுக்கு வெளியே ஒரு போர்டு உண்டு. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் துடைப்பார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். நான் படித்திருக்கிறேன். 'தோலில் பட்டால் ஏராளமான தண்ணீரால் கழுவவும், வேறு எதையும் ஊற்ற வேண்டாம்.' நான் அக்காவைத் தள்ளிவிட்டேன். பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. எனக்கு முன்பே சுனிதா எழுந்து ஜோதியின் தலையைத் தொட்டியில் சாய்த்துக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். "பானி, தீதி! பானி! பந்த் மத் கர்னா!" என்று கத்தினாள். தண்ணீர், நிறுத்தாதே என்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

மேல் டேங்க் தீர்ந்து குழாய் இருமிக்கொண்டு நின்றது. அப்போது அக்காவுக்குப் புத்தி வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லைனில் இருந்த வீடுகள் அத்தனையிலும் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை, கேட்டும் கேட்காமலும் அள்ளி வந்து ஊற்றினாள். புடவை நனைந்து காலில் சுற்ற, கண்ணாடித் துண்டு குத்தி ரத்தம் வழிய, ஓடிக்கொண்டே இருந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன போட்டீங்க?"

"க்ரீமுங்க" என்றாள் அக்கா.

"என்ன க்ரீம்?"

"நல்ல க்ரீமுங்க டாக்டர்."

"பேர் என்னம்மா?"

அக்கா தரையைப் பார்த்தாள். நான் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுபோயிருந்த டப்பாவை நீட்டினேன். டாக்டரம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றினார். கீழே கவிழ்த்துப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். பசை காய்ந்த தடம் மட்டும் சதுரமாக இருந்தது.

"லேபிள் எங்கே?"

"கிழிச்சுட்டனுங்க."

அந்தம்மா கோபத்தை அடக்கிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. மஞ்சள் தாள் ஒன்றை நனைத்து ஜோதியின் மண்டையில் வைத்து நிறம் பார்த்துவிட்டு, மறுபடி கழுவச் சொன்னார். அப்புறம்தான் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முடியைச் சுருட்டுவதற்கும் நீட்டுவதற்கும் போடுகிற மருந்தும், முடியை எடுக்கப் போடுகிற மருந்தும் பெரும்பாலும் ஒரே வகைதான். முடிக்குள் இருக்கிற கட்டுகளை அவிழ்க்கிற மருந்து. காரம் குறைவாக இருந்தால் பாதிக் கட்டு அவிழும், முடி வளையும், பிறகு இன்னொரு மருந்து போட்டு மறுபடி கட்டிவிடலாம். காரம் அதிகமாக இருந்தால் எல்லாக் கட்டும் போய்விடும், முடி கூழாகிவிடும். "தோலும் முடி மாதிரிப் பொருள்தான். முடியைக் கரைக்கிறது தோலைச் சும்மா விடாது. பருத்தி வேற. அது செடியில வர்றது, காரம் தாங்கும். இது உடம்பும்மா."

"ஒரே மாதிரி நாத்தம் வருமே டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா நாத்தமும் ஒண்ணுதானே. அதை மறைக்கத்தான் சென்ட் போடறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அக்கா மருந்தை முகர்ந்து பார்க்கவே இல்லை. மருந்தை மறைப்பதற்காக எவனோ மேலே ஊற்றின சென்ட்டைத்தான் முகர்ந்துகொண்டிருந்தாள்.

ஜோதி திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு இனிமேல் முடி வராது என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்றைக்கு அவள் கண்ணாடி கேட்டாள். கண்ணாடி இங்கே இல்லை என்று பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். பார்லர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால், ஏஜென்ட் கடைசியாகக் கொண்டு வந்து போட்டதில் இரண்டு வெள்ளை டப்பாக்கள். ஒன்றை எடுத்து முகர்வாள், வைப்பாள். மற்றதை எடுத்து முகர்வாள், வைப்பாள்.

"ரெண்டும் ரோஸ் அம்மிணி" என்றாள், என்னைப் பார்க்காமல். "இந்த லோடுல ரெண்டுத்துக்கும் ரோஸ் ஊத்திட்டானுக. எலுமிச்ச இல்ல. என்ற மேல தப்பில்ல. அவனுக மாத்திட்டானுக."

"மாத்தினதை டப்பா மேல எழுதியிருப்பான்லா? நீங்க கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, அவன் மாத்திட்டான்னு சொல்லுதியளே?"

அக்கா ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தெருவுல என்ன சொல்லுதாவ தெரியுமாக்கா? ஜோதி வீட்டுலயே எதையோ தேச்சுட்டு வந்தாளாம். யாரு சொன்னது?"

"கடைய மூடச் சொல்லிருவாங்கன்னு பயம் கண்ணு" என்றாள் மெதுவாக. "ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

ஒருத்தி போதும் எங்கள் தெருவுக்கு. கண்ணாடி ஓர ஆணியிலிருந்து அந்த மஞ்சள் தாள் புத்தகத்தை இழுத்து அவள் மடியில் போட்டேன்.

"இதுல நனைச்சுப் பாருங்க."

"எதுக்கு இப்ப?"

"பாருங்க!"

பார்த்தாள். பழைய வேலை அது, கை தானாகவே செய்தது. இரண்டு தாளைக் கிழித்தாள். இரண்டு மூடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தனித்தனிக் குச்சியால் க்ரீமைத் துளி எடுத்துக் கலக்கி, நுனியை நனைத்து, அட்டையில் இருந்த நிறங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று பச்சை கலந்த நீலம். இன்னொன்று நாவல்பழ நிறம்.

"இது ஒம்பது" என்றாள். அப்புறம் மற்றதைக் காட்டி, "பன்னெண்டு."

அரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்கு மேல் ஆகவில்லை. கேஸ் நம்பர் எழுதின அட்டைக்குள்ளே அந்த அரை நிமிடம் இத்தனை வருஷம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அழ ஆரம்பித்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வினிகர் பாட்டில் துண்டு குத்தின காலில் அவள் போட்டிருந்த கட்டைப் பார்த்தபோது கொஞ்சம் வந்தது, அதையும் விழுங்கிவிட்டேன். அலமாரியில் மிச்சமிருந்த சாட்டின் ரோலில் ஒரு துண்டு வெட்டினேன். என் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன்.

"எழுதுங்க."

பேனாவை வாங்கிக்கொண்டு டப்பாவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். "என்னன்னு எழுதறது கண்ணு? இதுக்குப் பேரு எனக்குத் தெரியாதே."

"பன்னெண்டுன்னு எழுதுங்க. எழுதிட்டு, தெருவுல அந்த ஒருத்திகிட்டப் போயி, ஜோதி தலைக்குப் போட்டது இந்தப் பன்னெண்டுதான்னு நீங்களே சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

எழுதினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு, பெரிய எண்ணாக, கோணாமல். டேப் போட்டு டப்பாவில் ஒட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஷட்டரைத் தூக்கப் போனவள் நின்று, திரும்பி, அந்தப் பன்னிரண்டாம் நம்பர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

நான் பிடுங்கிக் கீழே வைத்தேன்.